மொட்டை மாடியில இருந்து மெயில் போடறதுக்கு முன்னாடி: புதுசா சேந்தவங்களுக்கு

வானம் பாக்கறவங்க மெயில் குரூப்ல புதுசா சேந்திருக்கீங்களா, அப்ப இது உங்களுக்குத்தான். நான் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. வேலூர் சத்துவாச்சாரியில எங்க வீட்டு மொட்டை மாடிதான் என் அப்சர்வேட்டரி, ஒரு 10×50 பைனாகுலர், ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு கொசுவத்தி, அவ்ளோதான் சொத்து.

நான் போட்ட முதல் மெயிலைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன். சப்ஜெக்ட்ல "அர்ஜென்ட் ப்ளீஸ் ஹெல்ப்". உள்ள "சார் வானத்துல ஒரு லைட்டு ரொம்ப பிரைட்டா கீது, நகரவே மாட்டேங்குது, அது இன்னா சார்?" கூடவே செல்போன்ல எடுத்த ஆறு போட்டோ, ஆறும் கருப்பு, நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி, எல்லாம் சேந்து 20 எம்பிக்குப் பக்கம். அரை மணி நேரத்துல ஒரு பெரியவர் ஒரே வரியில பதில் போட்டார்: "தம்பி, எந்த ஊரு, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கம்?" நாலுக்கும் பதில் எழுதிகினு இருக்கும்போதே எனக்கே புரிஞ்சு போச்சு. சாயங்காலம் ஏழு மணி, மேற்கு, சூரியன் இறங்குன பக்கம், தாமரை இலையில நிக்கற தண்ணி மாதிரி பளபளன்னு ஒண்ணு. வெள்ளி. வேற இன்னாவா இருக்கும்! வெள்ளி சூரியனை விட்டு அதிகபட்சம் 47 டிகிரி வரைக்கும்தான் தள்ளிப் போகும், அதனால சூரியன் இறங்குன பிறகு சுமார் மூணு மணி நேரம், இல்ல விடியறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம், அதுக்கு மேல நம்ம ஊர்ல தெரியாது. நடு ராத்திரி உச்சியில பாத்தேன்னு யாராவது சொன்னா அது வெள்ளி இல்ல.

இதுல நான் கத்துகிட்டது வெள்ளியைப் பத்தி கொஞ்சம், மெயில் போடறதைப் பத்தி நெறைய. நீங்க மாடியில நிக்கறீங்க, படிக்கறவர் உங்க மாடியில நிக்கல. அவர் ஓசூர்லயோ துபாய்லயோ ஆபீஸ் முடிச்சு வந்து காபியோட உக்காந்து நாப்பது மெயில் பாக்கறார், அதுல உங்களோடது ஒண்ணு. கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வந்ததுதான்.

சேந்த உடனே எழுதாதீங்க

ஒரு பத்து நாள் சும்மா படிங்க. யார் பொறுமையா பதில் சொல்றாங்க, யார் எதுக்கு டென்ஷன் ஆவறாங்க, தமிழ்ல எழுதறாங்களா இங்கிலீஷ்லயா, எல்லாம் தெரிஞ்சுடும். கல்யாண வீட்டுக்குப் போனா முதல்ல எந்தப் பக்கம் பொண்ணு வீடு, எந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடுன்னு பாக்கறோம் இல்ல, அதேதான். அப்புறம் பேர், ஊர், கையில இன்னா வெச்சிருக்கீங்க, எதைப் பாக்க ஆசைன்னு நாலு வரி அறிமுகம் போதும். பயோடேட்டா வேணாம்.

கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி பழைய மெயில்ல தேடுங்க. வாட்ஸ்அப் இருக்கும்போது எதுக்குடா மெயில்னு என் தம்பி கேட்டுகினே இருப்பான், இதுக்குத்தான். வாட்ஸ்அப்ல போன வாரம் பேசினதே மேல போய் காணாம போயிடும், மெயில்ல பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் மெனக்கெட்டு எழுதினது அப்படியே இருக்கும். எங்க குரூப்ல மாசத்துக்கு ரெண்டு தடவை வர்ற கேள்வி "காவலூர் போலாமா, எப்ப விடுவாங்க?" ஆலங்காயத்துக்குப் பக்கத்துல ஜவ்வாது மலையில இருக்கற அந்த அப்சர்வேட்டரிக்கு போற நேரம், நாள் எல்லாம் மாறும், அதனால நேரா அதை நடத்தற பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துகிட்ட கேக்கறதுதான் சரி, குரூப்ல கேட்டா ஒருத்தர் அஞ்சு வருஷத்துக்கு முந்தின கதையைச் சொல்வார். ஆனா காவலூர்னு தேடிப் பாருங்க, வேற பொக்கிஷம் எல்லாம் கிடைக்கும். அங்க 1 மீட்டர் டெலஸ்கோப் 1972ல வந்தது, 1977 மார்ச்ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்ச ராத்திரி உலகத்துல பல இடத்தோட சேந்து காவலூர்லயும் அதைப் பதிவு பண்ணாங்க, யுரேனஸுக்கு வளையம் இருக்கறது அப்பதான் தெரிய வந்தது, 1986ல 2.34 மீட்டர் டெலஸ்கோப்புக்கும் அந்த இடத்துக்கும் வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பேரை வெச்சாங்க, 1988ல அங்க கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு ராமானுஜன் பேரு, நம்பர் 4130. இதையெல்லாம் ரசிச்சு எழுதினவங்க மெயிலைப் படிச்சுட்டு அதுல இருந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, பதில் எப்படி வருதுன்னு.

சப்ஜெக்ட் வரி

எங்க ஊரைப் பத்தி ஒரு பழைய பேச்சு உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்னு. கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981ல திரும்ப வந்துட்டார், அதனால காலியான அந்த இடத்துல சப்ஜெக்ட் இல்லாத மெயிலைச் சேத்துக்கலாம். "ஹெல்ப்", "டவுட்", "ஹாய் ஃப்ரெண்ட்ஸ்" இதெல்லாமும் இல்லாத கணக்குதான். "வரிசையா நகர்ந்த லைட்டுங்க, குடியாத்தம், ஜனவரி 12, காலை 5.20" இப்படிப் போடுங்க. இதைப் பாத்த உடனே தெரிஞ்சவர் திறக்காமலே "ஸ்டார்லிங்க்"னு முடிவு பண்ணிடுவார், 2019 மே மாசத்துல இருந்து அந்த சாட்டிலைட்டுங்களைக் கொத்துக் கொத்தா அனுப்பறாங்க, அனுப்பின புதுசுல மணி கோத்த மாதிரி வரிசையா போவும்.

இன்னொண்ணு, சனி வளையத்தைப் பத்தி ஓடிகினு இருக்கற மெயிலுக்கு ரிப்ளை அமுக்கி உள்ள "ட்ரைபாட் எங்க வாங்கலாம்"னு கேக்காதீங்க. உங்க கேள்வி சனிக்கு அடியில புதைஞ்சிடும், ட்ரைபாட் தெரிஞ்சவர் கண்ணுலயே படாது. புது விஷயம்னா புது மெயில். சப்ஜெக்டை மட்டும் மாத்திட்டாலும் பத்தாது, சில மெயில் ஆப்புங்க உள்ள இருக்கற அடையாளத்தை வெச்சு பழைய பேச்சோடவே கோத்துடும்.

உள்ள இன்னா எழுதணும்

அந்தப் பெரியவர் கேட்ட நாலுதான். கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எல்லாரும் தப்பு பண்றது இங்கதான்.

ஊரு. "எங்க ஊர்ல" வேணாம், பேர் சொல்லுங்க. மாவட்டமும் சொல்லுங்க, ஆனா பழைய மெயில் படிக்கும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, 1989க்கு முன்னாடி திருவண்ணாமலையும் சேந்து எல்லாமே வட ஆற்காடு, 2019 வரைக்கும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூர் மாவட்டத்துலதான் இருந்தது. எங்க தாத்தா கடைசி வரைக்கும் என்.ஏ. டிஸ்ட்ரிக்ட்னுதான், அதாவது நார்த் ஆற்காடுன்னுதான், லெட்டர்ல எழுதினார். காவலூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம்.

தேதி. ராத்திரி பன்னண்டு தாண்டினா தேதி மாறிடும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா மெயில்ல மட்டும் மறந்துடும். "சனிக்கிழமை ராத்திரி 1.30"ன்னு எழுதினா சனிக்கிழமை விடியக்காலையா, ஞாயித்துக்கிழமை விடியக்காலையா? "11-12 ராத்திரி, 12ஆம் தேதி 01.30" இப்படிப் போட்டா சண்டையே இல்ல. ரயில்வே டைம்ல எழுதுங்க. இந்திய நேரம்னு ஒரு வார்த்தை சேருங்க, குரூப்ல வெளிநாட்டுல இருக்கறவங்க உண்டு, சீரியஸா ரிப்போர்ட் எழுதறவங்க உலக நேரத்துல எழுதுவாங்க, அதுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம்.

எந்தப் பக்கம், எவ்ளோ உயரம். ஒரு அண்ணன் "கோட்டை கொடிமரத்துக்கு மேல"ன்னு எழுதினார். கோட்டைக்கு எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்கண்ணே? நீங்க பாத்தது கிழக்குல இருந்தா, மேற்குல இருந்தா? கிழக்கு, மேற்கு, தென்கிழக்குன்னு எழுதுங்க, போன்ல காம்பஸ் இருக்குது. உயரத்துக்கு கையை நல்லா நீட்டி முஷ்டி புடிங்க, ஒரு முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி, சுண்டு விரல் அகலம் 1 டிகிரி. அடிவானத்துல இருந்து எத்தனை முஷ்டின்னு எண்ணி எழுதினா போதும். பழகிக்கறதுக்கு துருவ நட்சத்திரத்தைப் பாருங்க, வேலூர்ல அது வடக்குல சுமார் 13 டிகிரி உயரத்துலதான் இருக்கும், ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேல. அது தெரியலன்னா வடக்குல மலையோ பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்கோ மறைக்குதுன்னு அர்த்தம், எனக்கு டேங்க்.

அப்புறம் அது இன்னா பண்ணுச்சு. நகர்ந்துச்சா, மினுக்குச்சா, நிறம் மாறுச்சா, எத்தனை நிமிஷம் தெரிஞ்சுது. விமானம்னா விட்டு விட்டு லைட் அடிக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துது, சத்தமே இல்லாம, மினுக்காம, சில நிமிஷத்துல வானத்தைக் கடந்துடும். இதை நீங்க எழுதினாத்தான் பதில் சொல்றவரால ஒவ்வொண்ணா கழிக்க முடியும். மேகம், நிலா வெளிச்சம், வெறும் கண்ணா பைனாகுலரா, அதையும் ஒரு வரி. "யுஎஃப்ஓ"ன்னு நீங்களே பேர் வெச்சு அனுப்பாதீங்க. பாத்ததை எழுதுங்க, அது இன்னான்னு குரூப் சொல்லட்டும்.

பதில் போடும்போது

ரிப்ளை அமுக்கினா பழைய மெயில் முழுசும் கீழ ஒட்டிகினு வரும். அதுக்குள்ள அதுக்கு முந்தினது, அதுக்குள்ள அதுக்கு முந்தினது. மேல "ஆமாம் சார்"னு ரெண்டு வார்த்தை, கீழ ஊர்க் குப்பை. நீங்க எதுக்குப் பதில் சொல்றீங்களோ அந்த ரெண்டு மூணு வரியை மட்டும் வெச்சுகிட்டு மீதியை வெட்டுங்க, அதுக்குக் கீழ உங்க பதிலை எழுதுங்க. எழுதினவர் பேரை மட்டும் விட்டுடாதீங்க.

ஆனா வெட்டும்போது அர்த்தத்தையும் சேத்து வெட்டக் கூடாது. அப்படி வெட்டினா இன்னா ஆகும்னு கேட்டா, ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் ஒரு மெயில் வருதே, "ஆகஸ்ட் 27 செவ்வாய் கிரகம் நிலா சைஸ்ல தெரியும், இனி யாரும் உயிரோட பாக்க முடியாது, எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க"ன்னு, அதைப் பாருங்க. 2003 ஆகஸ்ட் 27ல செவ்வாய் நிஜமாவே பக்கத்துல வந்தது, சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர், அறுபதாயிரம் வருஷத்துல அவ்ளோ கிட்ட வந்ததில்ல. அந்த மெயில்ல எழுதியிருந்தது 75 மடங்கு பெருசாக்கற டெலஸ்கோப்ல செவ்வாயைப் பாத்தா, வெறும் கண்ணுல முழு நிலா தெரியற சைஸ்ல இருக்கும்னு. கணக்கு சரிதான், அன்னிக்கு செவ்வாய் 25 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினா ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), 75ஆல பெருக்கினா 1,875, நிலா சுமார் 1,800. கை மாறி கை மாறி வந்ததுல டெலஸ்கோப்பைப் பத்தின பேச்சு கழண்டு போச்சு, வருஷமும் கழண்டு போச்சு, மீதி இருந்தது பொய். எங்க சித்தப்பா ஒரு வருஷம் என்னை மாடிக்கு இட்டுகினு போய் "எங்கடா ரெண்டாவது நிலா"ன்னு கேட்டார். அதனால ஃபார்வர்ட் வந்தா குரூப்புக்குத் தள்ளி விடாதீங்க, "இது உண்மையா?"ன்னு கேக்கற சாக்குல தள்ளி விடறதும் வேணாம், முதல்ல தேடிப் பாருங்க.

"தேங்க்ஸ்", "சூப்பர்", "நானும் பாத்தேன்" இதெல்லாம் அந்த ஒருத்தருக்குத் தனியா போகட்டும். நானும் பாத்தேன்னா எங்கிருந்து, எத்தனை மணிக்குன்னு சேத்து எழுதுங்க, அப்ப அது குரூப்புக்கான மெயில், ரெண்டு ஊர்ல பாத்த நேரம் சேந்தா அதுல ஒரு பிரயோஜனம் இருக்கு.

ரிப்ளை எங்க போகுதுன்னு அனுப்பறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவை பாருங்க. சில குரூப்ல ரிப்ளைன்னா எழுதினவருக்கு மட்டும், சிலதுல எல்லாருக்கும். நான் ஒரு தடவை ஒரு நண்பனுக்கு எழுதறதா நெனச்சுகினு "இந்த ஆளு எதுக்கெடுத்தாலும் பாடம் எடுக்கறார்"னு எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அந்த ஆளும் எல்லார்ல ஒருத்தர். மன்னிப்புக் கேட்டு ஒரே மெயில் போட்டேன், விளக்கம் எதுவும் கொடுக்கல, அவரும் அதோட விட்டுட்டார். இப்படி ஆயிட்டா நீங்களும் ஒரே மெயிலோட நிறுத்திக்கோங்க, விளக்கம் கொடுக்கக் கொடுக்கத்தான் நாறும்.

லீவுல போறவங்க ஆட்டோ ரிப்ளை வெச்சுட்டுப் போனா, குரூப் மெயில் வரும்போதெல்லாம் "நான் ஊர்ல இல்ல"ன்னு அது பாட்டுக்குப் பதில் சொல்லும். எங்க குரூப்ல ஒருத்தர் திருப்பதி போயிட்டு வர்றதுக்குள்ள, அவர் ஊர்ல இல்லங்கறது அவங்க வீட்டு ஆளுங்களை விட எங்களுக்கு நல்லா தெரிஞ்சு போச்சு.

போட்டோ

ஜிமெயில்ல அட்டாச்மென்ட் 25 எம்பி வரைக்கும் போவும், அதுக்காக அவ்ளோ அனுப்பணும்னு இல்ல. மெயில்ல போகும்போது ஃபைலை எழுத்தா மாத்தி அனுப்புது, அதுல சைஸ் மூணுல ஒரு பங்கு கூடிடும். மலைக்கு மேல ஒரு புள்ளி சிக்னல்ல உக்காந்திருக்கறவரை நெனச்சுப் பாருங்க. சின்னதாக்கி 300 கேபிக்குள்ள ஒண்ணு போடுங்க, பெருசு வேணும்னா லிங்க். எந்த கேமரா, எத்தனை செகண்ட் எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ எவ்ளோன்னு எழுதினா அதுல இருந்து நாலு பேர் கத்துப்பாங்க. அடுத்தவர் எடுத்ததுன்னா அவர் பேர் போடுங்க. ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் படத்தை எடுத்து "நேத்து ஏலகிரியில எடுத்தேன்"னு போட்ட ஒருத்தர் அப்புறம் குரூப் பக்கமே வரல.

மொழி, மரியாதை, மத்ததெல்லாம்

தமிழ்னா யூனிகோட்ல அடிங்க, பழைய ஃபான்ட்ல அடிச்சா எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா தெரியும். வயசு தெரியாதவங்களை சார், மேடம், இல்ல பேரோட "ங்க" சேத்துக் கூப்பிட்டா போதும், பொண்ணுங்களை எடுத்த உடனே "சிஸ்டர்"னு உருக வேணாம். குரூப்ல ஒரு பொண்ணு கேள்வி கேட்டா அதுக்குக் குரூப்லயே பதில் சொல்லுங்க, தனி மெயில்ல "ஹாய், எந்த காலேஜ்?"னு போகாதீங்க. இதனாலயே நல்லா பாத்துகினு இருந்த ரெண்டு மூணு பொண்ணுங்க வெளிய போயிட்டாங்க, எனக்கு இதுல ரொம்ப கோவம் உண்டு.

கீழ வர்ற கையெழுத்து நாலு வரிக்கு மேல வேணாம், 1995ல வந்த ஆர்எஃப்சி 1855ங்கற இன்டர்நெட் நாகரிக வழிகாட்டியிலயே இதைச் சொல்லிட்டாங்க. பேர், ஊர், கருவி. பொன்மொழி வேணாங்க.

ஜோசியம் கேக்காதீங்க. சனி வளையம் இன்னிக்கு நல்லா தெரியும்னு ஒருத்தர் எழுதினா "எனக்கு ஏழரை நடக்குது, பாக்கலாமா?"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். கேட்டவரைக் கிண்டல் பண்ணாதீங்க, "தாராளமா பாக்கலாம், மரம் மறைக்காத மாடியா இருந்தா ரொம்ப நல்லது"ன்னு சொல்லிட்டு நகருங்க.

தப்பைத் திருத்தறதுலயும் ஒரு முறை இருக்கு. எழுத்துப் பிழை, சின்னக் கணக்குத் தப்பு எல்லாம் தனி மெயில்ல சொல்லுங்க. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் உடனே, எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லணும், அது சூரியன். 2019 டிசம்பர் 26 கிரகணத்தப்ப, கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையமா தெரிஞ்சுது, நமக்கு இங்க பகுதி கிரகணம், எக்ஸ்ரே ஃபிலிம்ல பாக்கலாம், சாணித் தண்ணியில பாக்கலாம்னு மெயில் மேல மெயில். எக்ஸ்ரே ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், கண்ணைச் சுடற கண்ணுக்குத் தெரியாத கதிரை நிறுத்தாது, சுடும்போது வலியும் தெரியாது. இந்த மாதிரி வந்தா நாளைக்குச் சொல்லலாம்னு வெக்காதீங்க, "தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க, காரணம் இது"ன்னு அன்னிக்கே எழுதுங்க. எழுதினவரைத் திட்டத் தேவையில்ல.

"எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?"னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க, இல்ல எல்லாரும் சொல்வாங்க. எவ்ளோ காசு, மாடியா வயலா, தூக்கிகினு பஸ்ல போகணுமா, கிரகமா நெபுலாவா, இதைச் சொல்லிட்டுக் கேளுங்க. டப்பா மேல 500 மடங்குன்னு போட்டிருக்கறதை நம்பி எழுதாதீங்க, லென்ஸ் அகலம் மில்லிமீட்டர்ல எவ்ளோவோ அதுல ரெண்டு மடங்குதான் பிரயோஜனப்படற உச்சம், 60 மில்லிமீட்டர்னா 120. விக்கறவங்க விலை, அகலம், வயசு, லென்ஸ்ல ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கா இல்லையா எல்லாம் ஒரே மெயில்ல போடுங்க, சப்ஜெக்ட்ல "விற்பனைக்கு"ன்னு போடுங்க, வித்ததும் "வித்தாச்சு"ன்னு ஒரு வரி. தினம் தினம் போட்டா வாரச் சந்தை ஆயிடும்.

ராத்திரி சேந்து பாக்கப் போற இடத்தை எழுதும்போது யோசிங்க. ஜமுனாமரத்தூர் பக்கம் ஒருத்தர் நிலத்துல அவர் அனுமதியோட பாத்தோம்னா அந்த இடத்தோட மேப்பையும் அவர் போன் நம்பரையும் குரூப்ல போட்டுடாதீங்க. அடுத்த வாரம் முன்ன பின்ன தெரியாதவங்க நாலு காரு, ஹெட்லைட்டோட, பிரியாணிப் பொட்டலத்தோட வந்து நிப்பாங்க, அதுக்கு அடுத்த வாரம் நம்மளையே விட மாட்டார்.

கடைசியா, மெயில் ஜாஸ்தியா வருதுன்னா டைஜஸ்ட்னு ஒரு வழி இருக்கும், ஒரு நாள் மெயில் எல்லாம் சேந்து ஒண்ணா வரும். அதுல இருந்து பதில் போடறப்ப சப்ஜெக்ட்ல "டைஜஸ்ட் நம்பர் இத்தனை"ன்னு வந்து நிக்கும், அதை எடுத்துட்டு நிஜ சப்ஜெக்டைப் போடுங்க. குரூப்பே வேணாம்னாலும் தப்பில்ல, ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில வெளிய போற லிங்க் இருக்கும், அமுக்கிட்டுப் போயிடலாம். எல்லாருக்கும் "என்னை ரிமூவ் பண்ணுங்க"ன்னு மட்டும் அனுப்பாதீங்க, உடனே பின்னாடியே பதினஞ்சு பேர் "என்னையும்"னு வருவாங்க, லிங்க் எங்க இருக்குன்னு சொல்றதுக்கு இன்னும் பத்து பேர் வருவாங்க, அன்னிக்கு ராத்திரி பாத்து மாடியில மேகமே இருக்காது, ஒருத்தரும் மேல பாக்க மாட்டாங்க.